கீழ்வீட்டுப் பாசி

வால்வு அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் பதில் வரும். டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் அறைக்கு அவர் பொறுப்பு. ஆள் உயர உருளைகள், சுவரெல்லாம் வெள்ளைக் குழாய்கள், ஓயாமல் முனகும் மோட்டார். கிட்னி கெட்டவர்களின் ரத்தத்தைக் கழுவும் மெஷின்களுக்குப் போகிற தண்ணீர் அங்கேதான் சுத்தமாகிறது. அந்தத் தண்ணீருக்கும் மனுஷ ரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான் உண்டு. தண்ணீரில் தப்பு இருந்தால் ஆள் காலி. இது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குழாய் வேலைக்கு வந்தவர். படிப்பு ஏறாத தலைக்குக் காது மட்டும் கூர்மையாக வாய்த்தது. கசிகிற வால்வை நடையின் அந்தக் கோடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். "நான் பேசினா இவருக்குக் காது கேக்காது. மோட்டார் பேசினா மட்டும் கேக்கும்" என்று அவர் மனைவி வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் மறுத்ததில்லை. மோட்டார் சும்மா பேசாது, கோளாறு இருந்தால்தான் பேசும் என்பது அவர் கட்சி.

அந்த அறையில் அவருக்கு ஒரே எதிரி வழவழப்பு. குழாயின் உட்சுவரில் விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குப் படியுமே, அந்தப் படலம். இன்று விட்டால் நாளைக்கு அதற்குள் கிருமி குடித்தனம் நடத்தும். அதனால் முறை தவறாமல் எல்லாவற்றையும் கழற்றுவார், கிருமிநாசினி ஓட்டுவார், தேய்ப்பார், அலசுவார், மறுபடி அலசுவார். கண்ணாடிபோல் ஆகாமல் கை ஓயாது. இந்தப் பழக்கம்தான் பின்னால் அவரைக் குப்புறத் தள்ளியது.

காத்திருப்புக் கூடத்துக்குக் கடல் மீன் தொட்டி வந்தது யாரோ ஒரு புண்ணியவானின் நன்கொடை. கொண்டுவந்தவர்கள் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, பிரிவின் தலைமை நர்ஸ், எல்லோருக்கும் சிஸ்டர், இவரைக் கை காட்டிவிட்டார்.

"தண்ணின்னா உங்க டிபார்ட்மெண்ட்தானே அண்ணா."

"இது உப்புத் தண்ணி சிஸ்டர். எனக்கு உப்பை எடுத்துத்தான் பழக்கம், போட்டுப் பழக்கமில்ல."

"எடுக்கத் தெரிஞ்சவருக்குப் போடத் தெரியாதா?"

வாய் கொடுத்து ஜெயிக்க முடியாத ஆள் சிஸ்டர். தொட்டி இவர் தலையில் விழுந்தது. நகரத்தில் வளர்ப்புக் கடல் மீன் விற்கிற கடைக்காரர் ஒருவர் போனில் வழி சொல்ல, உப்புத்தூளைத் தன் சுத்தத் தண்ணீரில் கரைத்து மாற்றப் பழகிக்கொண்டார்.

தொட்டியின் அடியில், மர அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மேலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு துணிப்பை வழியாக வடிந்து, அந்த அடித்தொட்டிக்குள் புகுந்து, பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். அதில் பாறைத் துண்டுகளும், சிக்குப் பிடித்த பச்சை நைலான் நூல்போல் ஒரு பாசிப் பந்தும், மேலே ஒரு விளக்கும். ரெஃப்யூஜியம் என்றார் கடைக்காரர். அந்தப் பெயர் இவர் வாயில் நிற்கவில்லை. கீழ்வீடு என்று வைத்துக்கொண்டார். மீன் கழிப்பதையும் தீனி மிச்சம் கரைவதையும் அந்த நல்ல பாசி உறிஞ்சிக்கொள்ளும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதில் பாதிதான் இவர் காதில் விழுந்தது. அடியில் இருப்பது எதுவோ அது வடிகட்டி. வடிகட்டி என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

தொட்டியில் ஐந்தாறு மீன்கள். அவற்றில் ஒன்று விரல் நீளம்கூட இராது. நீலத்தில் செம்மஞ்சள் கோடு வளைந்து வளைந்து ஓட, பட்டுத்துணியைக் கத்தரித்துப் போர்த்தியதுபோல் இருக்கும். மாண்டரின் என்று கடையில் பெயர். அதற்கு மைனர் என்று பெயர் வைத்தவர் கண்டக்டர்.

கண்டக்டர் என்பவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தங்கை வீட்டில் இருந்தார். ஒன்றுவிட்டு ஒருநாள் நாலு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டிய உடம்பு. முன்னெல்லாம் அடிக்கடி டிமிக்கி கொடுப்பார். கால் வலி என்பார், மழை என்பார், ஒன்றும் கிடைக்காவிட்டால் மனசு சரியில்லை என்பார். தவறவிட்ட ஒவ்வொரு முறைக்கும் உடம்பு வீங்கி, மூச்சு முட்டி, தங்கை அழுதுகொண்டே அழைத்து வருவாள். மைனர் வந்த பிறகு அந்த ஆள் ஒருநாளும் தவறவில்லை. நேரத்துக்கு முன்னாலேயே வந்து தொட்டிக்கு எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

"பாரு, என்னா மிதப்பு. வேலை வெட்டி கெடையாது, சட்டை மட்டும் கல்யாண மாப்பிள்ளைச் சட்டை."

மைனருக்கும் இந்தத் தவறாத வரவுக்கும் முடிச்சு இருக்கிறது என்பது சிஸ்டருக்கும் தெரியும், வால்வு அண்ணனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. மீனுக்காக வருகிறாயா என்று கேட்டுவிட்டால், ரோஷக்கார மனுஷன், நாளைக்கே நின்றுவிடுவார்.

கீழ்வீட்டில் முடிப்பாசி வந்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் பாறையில் பச்சை மயிர்க்கால். பிறகு கண்ணாடியில். பிறகு நல்ல பாசிப் பந்தின் மேலேயே தலைமுடிபோல் வழிந்து, அதற்கு வெளிச்சம் போகவிடாமல் மூடிக்கொண்டது. தொட்டால் வழவழ.

வழவழப்பைக் கண்டால் அவருக்கு என்ன ஆகும் என்றுதான் சொன்னேனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் காலியாக இருந்தபோது, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முடிப்பாசியை அள்ளிக் குப்பையில் போட்டார். அதில் சிக்கியிருந்த நல்ல பாசியும் கூடவே போயிற்று. பாறைகளை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான அந்த உப்பில்லாத நல்ல தண்ணீரில் போட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். கீழ்வீட்டின் கண்ணாடியைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்து, வாசனை போகும்வரை அலசினார். திரும்பப் பொருத்தியபோது அது அறுவை அறைபோல் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

கொஞ்ச நாளில் முடிப்பாசி மேலே வந்துவிட்டது. அதுவரை ஒளிந்து வாழ்ந்தது, இப்போது ஊரறிய மேல்தொட்டியின் பாறைகளிலெல்லாம் தாடி வளர்த்தது. பிடுங்கினால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு. அதைவிட மோசம், மைனர் இளைத்தான். வயிறு உள்ளே ஒட்டி, தலைக்குப் பின்னால் குழி விழுந்து, பாறை இடுக்கை விட்டு வெளியே வருவதே இல்லை. உறைந்த இறாலைத் துருவிப் போட்டால் பக்கத்து மீன்கள் சண்டை போட்டுத் தின்னும். மைனர் மூக்கருகே விழுந்ததைக்கூட முகர்ந்து பார்க்க மாட்டான்.

கண்டக்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு குறைந்தது.

"தம்பி, இவன் தேற மாட்டான்னா சொல்லிடு. அதே மாதிரி வேற ஒண்ணை வாங்கி விட்டு என்னை ஏமாத்திடலாம்னு பாக்காத. அவன் முதுகுக் கோடு ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்."

"தேறிடுவான் அண்ணே."

"எனக்கே நீங்கல்லாம் அப்படித்தான் சொல்றீங்க."

அதற்கடுத்த முறை கண்டக்டர் வரவில்லை. சிஸ்டர் போன் செய்தார். கால் வலியாம்.

பாசியை ஒழித்தால் மீன் பிழைக்கும், மீன் பிழைத்தால் மனுஷன் வருவார். அப்படி ஒரு நேர்க்கோடு வால்வு அண்ணன் தலைக்குள் ஓடியது. ஒழிக்க ஒரு மருந்து வேண்டும். கீழ்வீட்டில் வெளியேறும் குழாய்க்குப் பின்னால், அன்றைக்குக் கை எட்டாத மூலையில், பழைய முடிப்பாசி ஒரு பிடி தப்பி நின்றது. நல்லவேளை, கை எட்டவில்லை. அதைப் பிய்த்து ஒரு சின்ன டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக்கொண்டு லேபுக்குப் போனார்.

லேபில் இருந்த பெண் ரத்தம் பரிசோதிக்கிறவள். மீனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னண்ணா இது, யாரோடது?" என்றாள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

"மீன் தொட்டியோடதும்மா. இதைக் கொல்ல என்ன ஊத்தலாம்? உங்கிட்ட ஏதாச்சும் இருக்குமே."

"கொல்றதுக்கு முன்னாடி ஆளு யாருன்னு பாக்க வேணாமா?"

கண்ணாடித் தட்டில் ஊற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழே தள்ளினாள். குனிந்தவள் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

வால்வு அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். முதலில் வெறும் பச்சை. அவள் ஒரு திருகைத் திருப்பினாள். பச்சை விலகி, காடு வந்தது.

கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்ததுபோல் ஒவ்வொரு பாசி இழையும் கணுக் கணுவாக நின்றது. இத்தனை வருஷம் குழாயோடு வாழ்ந்த மனுஷன், இவ்வளவு மெல்லிய குழாயை அவர் கண்டதில்லை. இழைகளின் மேல் காற்றுக் குமிழிகள் முத்துக் கோத்து உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் ஏதோ ஓடிற்று. ஒன்றில்லை, எங்கு பார்த்தாலும் ஓட்டம். எள்ளைவிடச் சிறிய ஒரு பிராணி, நெற்றிக்கு நடுவில் சிவப்பாக ஒரே ஒரு கண், வாலடியில் முட்டை மூட்டையைச் சுமந்துகொண்டு இழையைக் கவ்விக் கவ்விப் போனது. அந்த மூட்டைக்குள் முட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. வளைந்த முதுகோடு இன்னொன்று பக்கவாட்டில் நீந்தி வந்து மோதிவிட்டு ஓடியது. ஐந்து கைகளுள்ள ஒரு நட்சத்திரம், குண்டூசித் தலைகூட இராது, ஒரு கையை மட்டும் நீட்டித் துழாவிக்கொண்டிருந்தது. ஓர் இழையின் மேல் நத்தைபோல் சுருண்ட வெள்ளைக் குழலிலிருந்து பூ ஒன்று விரிந்தது. நிழல் பட்டதும் பூ உள்ளே போயிற்று. கொஞ்சம் பொறுத்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மறுபடி விரிந்தது.

அவருக்கு முதுகு வலித்தது. நிமிர மனசு வரவில்லை. தன் அறையின் மோட்டாரைப்போல் இங்கேயும் ஏதாவது சத்தம் கேட்குமா என்று காதைக்கூடத் தீட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் ஒரு சத்தமும் இல்லை.

"இதுக்கா அண்ணா விஷம் கேட்டீங்க?" என்றாள் அவள் மெதுவாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்பைக் கூடையில் அள்ளிப் போட்டது எவ்வளவு என்று அவர் கை தானாக அளந்து பார்த்தது. ஒரு வாளி இருக்கும்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கடைக்காரருக்குப் போன் போட்டார். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னார்.

"பாறையை நல்ல தண்ணியில கழுவுனீங்களா?"

"ஆமா."

"சுத்தம். அதுல இருந்தது எல்லாம் கடல் பிராணிங்க. நல்ல தண்ணி பட்டா அந்த நிமிஷமே சாவு. மாண்டரின் செத்த தீனி தொடாது சார். நாளெல்லாம் அந்தப் பொடிப் பூச்சியைத்தான் கொத்தித் தின்னும். அதுங்க பெருகி மேல ஏறி வர்ற எடம் கீழ் தொட்டி. நீங்க சமையலறையை அலம்பி, அடுப்பையும் தூக்கிப் போட்டு, சமைக்கிற ஆளையும் அடிச்சு வெரட்டிட்டீங்க."

"பாசி ஏன் மேல போச்சு?"

"கீழ திங்கறதுக்கு ஆள் இல்லன்னா சத்து மேலதான போகும்? முடிப்பாசி கீழ இருக்கற வரைக்கும் அதுவும் உங்களுக்கு வேலைக்காரன்தான். ஒழிக்கக் கூடாது. அளவா அறுக்கணும். விளக்கை ராப்பகலா எரிய விட்டிருப்பீங்க, பாதியாக் கொறைங்க. புதுப் பாசிப் பந்து போட்டு, தண்ணியை வேகமா ஓட விடுங்க, பந்து உருளணும். அது சரி, இவ்வளவு சத்து எங்கிருந்து வருது? தீனி யார் போடறாங்க?"

"நான் மட்டும்தான்."

"இல்ல. வேற யாரோ போடறாங்க."

அன்று மாலையே மேலிருந்து தண்ணீர் வடிகிற துணிப்பையைக் கழற்றிப் பிழிந்து பார்த்தார். அடியில் சந்தனம் அரைத்ததுபோல் ஒரு மாவு. முகர்ந்தார். கிரீம் பிஸ்கட்.

அடுத்த முறை கண்டக்டர் தங்கையின் தொணதொணப்புக்காக வந்திருந்தார். கால் இரண்டும் புசுபுசுவென்று இருந்தன. தொட்டிப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வால்வு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, மைனருக்கு கிரீம் பிஸ்கட் பிடிக்குமா?"

கண்டக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"யார் போட்டதுன்னு கேக்கல. பிடிக்குமான்னுதான் கேக்கறேன்."

"நான் திங்கக் கூடாதுன்னு சிஸ்டர் பிடுங்கி வைக்குது. தங்கச்சி வீட்டு டப்பாவுல இருந்து ஒண்ணு ரெண்டு பாக்கெட்டுல வரும். எனக்குத்தான் ஆகாது, அவனாவது திங்கட்டும்னு..."

"அவன் திங்கல. பாசிதான் தின்னுது. உங்க ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறுதுன்னு சிஸ்டர் கத்தறாங்கல்ல? அதேதான் தொட்டியிலயும் ஏறியிருக்கு."

கண்டக்டர் இப்போது தொட்டியைப் பார்த்தார். பச்சைத் தாடிப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் வியாதியை அதுக்கும் ஒட்ட வச்சிட்டேனா?" என்றார். பிறகு, "எனக்கு மெஷின் இருக்கு. அதுக்கு மெஷின் எது?" என்றார்.

"கீழ்வீடுதான். அந்த மெஷினைப் பிரிச்சுப் போட்டு மருந்து ஊத்திக் கழுவினது நான்."

உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டார். கண்டக்டர் எழுந்து போகும்போது, "அவன் போயிட்டா நான் இனிமே இங்க வந்து எதைப் பாக்கறது" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு தங்கை இழுத்து வந்தால்தான் உண்டு, வந்த நாளிலும் தொட்டிப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விடுவார்.

வால்வு அண்ணன் கடைக்காரரிடமிருந்து புதிதாக ஒரு பாசிப் பந்தும், பை நிறைய அந்தப் பொடிப் பிராணிகளும் வரவழைத்தார். கடைக்காரர் சொன்னபடி, ஒட்டிய வயிற்றோடு கிடந்த மைனரைக் கிண்ணத்தில் மொண்டு, மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக்கே குடி மாற்றினார். அங்கே போட்டிக்கு ஆள் இல்லை. பம்பின் வாய்க்கு வலை கட்டினார். மைனர் மூலையில் போய்ப் படுத்தான்.

முடிப்பாசியை இப்போது வேறு விதமாக அறுத்தார். மேல்பாறையிலிருந்தும் கீழிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் பிடுங்கி, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் போட்டு அசைப்பார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சற்றுப் பொறுத்தால் இழைகளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரும். வெள்ளைத் தட்டில் தூசு நடக்கும். ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. எல்லாம் இறங்கிய பிறகு பாசியை மட்டும் எறிந்துவிட்டுத் தட்டைக் கீழ்வீட்டில் கவிழ்ப்பார். தண்ணீர் அறையில் கை ஓயாத மனுஷன், தட்டின் முன்னால் டீ ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கடந்துபோகையில், "என்னண்ணா, அரிசியில கல் பொறுக்கறீங்களா?" என்பார்.

"சத்தம் போடாதீங்க சிஸ்டர். எறங்கிட்டிருக்காங்க."

பந்து ஓட்டத்தில் உருண்டு உருண்டு தடித்தது. கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் நகரத் தொடங்கின. ஒரு காலை அவர் அலமாரிக் கதவைத் திறந்தபோது மைனர் மூலையில் இல்லை. கண்டக்டருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மைனரைக் கீழ்வீட்டுக்குக் குடி மாத்தியிருக்கேன். வந்து பாருங்க."

"உசுரோட இருக்கானா?"

"வந்து பாருங்கன்னேன்ல."

"நீ வேற ஒண்ணை விட்டிருந்தா..."

"அதான் முதுகுக் கோடு தெரியும்னீங்களே. வந்து எண்ணிக்குங்க."

கண்டக்டர் வந்தார். மூச்சு இரைத்தது. முகம் உப்பியிருந்தது. நேராக உள்ளே போய்ப் படுக்க வேண்டிய ஆள், தொட்டி முன்னால் நின்று அலமாரியைப் பார்த்தார். கீழ்வீடு முழங்காலுக்கும் கீழே. அவருக்குக் குனிய வராது.

"நாற்காலியில உக்காந்தா தெரியாதா?"

"தெரியாது அண்ணே. தரையிலதான் உக்காரணும்."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேனே."

"தூக்கிவிட நாங்க இல்லையா?"

சுவரைப் பிடித்து, வால்வு அண்ணன் தோளைப் பிடித்து, தங்கையின் கையைப் பிடித்து, ஒரு வழியாகத் தரையில் இறங்கினார் கண்டக்டர். காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வால்வு அண்ணன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

மைனர் பாசிப் பந்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழன்றன. ஓர் இழையைக் குறி பார்த்தான், வாயை நீட்டினான், கொத்தினான். நகர்ந்தான். குறி பார்த்தான், கொத்தினான். வயிறு இன்னும் நிறையவில்லை. ஆனால் தலைக்குப் பின்னால் இருந்த குழி மூடியிருந்தது.

கண்டக்டர் உதடு அசைந்தது. கோட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அவனேதான்" என்றார். பிறகு, "என்னத்தைக் கொத்தறான்? அங்க ஒண்ணும் இல்லையே."

வால்வு அண்ணன் லேப் பெண்ணிடம் வாங்கி வைத்திருந்த பூதக்கண்ணாடியை நீட்டினார். கண்டக்டர் அதைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினார். சட்டென்று கை நின்றது. மூச்சு இரைப்புகூட ஒரு கணம் அடங்கினாற்போல் இருந்தது.

"முட்டையைத் தூக்கிட்டுப் போகுது" என்றார், பக்கத்தில் யாரோ தூங்குகிறதுபோல் குரலைத் தாழ்த்தி.

"ஆமா."

"எவ்வளவு பேர் தம்பி."

"தெரியாது. எண்ண முடியாது."

"இவ்வளவு நாளா நான் மேலயே பாத்துட்டு இருந்திருக்கேன்."

சிஸ்டர் வாசலில் வந்து நின்று, "மெஷின் ரெடி, வாங்கப்பா" என்றார். யாரும் திரும்பவில்லை. என்னதான் என்று அவரும் வந்து சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். கண்டக்டர் கண்ணாடியை அவரிடம் கொடுத்தார். சிஸ்டரின் வாய் அடைத்ததை வால்வு அண்ணன் அன்றுதான் பார்த்தார்.

கடைசியில் நேரமாகிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து கண்டக்டரைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் மரத்துப்போய் அவர் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு சிஸ்டரின் தோளைப் பிடித்து உள்ளே நடந்தார். கதவருகே போய் நின்று திரும்பினார்.

"தம்பி, நாளன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடுவேன். தரையில ஏதாச்சும் விரிச்சு வை. சில்லுன்னு இருக்கு."